பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் வாங்கலாமா? முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொடியில் போட்ட வேட்டி மூன்று நாள் ஆனாலும் ஈரம் விடாது. டெல்டா ஊர்களில் செகண்ட் ஹேண்ட் வாஷிங் மெஷின் விசாரிப்பு சூடு பிடிப்பதும் அப்போதுதான். இங்கே சொல்லப்போவது இரட்டைத் தொட்டி மெஷினைப் பற்றி. ஒரு பக்கம் துவைக்கும் டப், மறுபக்கம் பிழியும் ட்ரையர், மேலே கையால் திருகும் டைமர். எலக்ட்ரானிக் போர்டு கிடையாது. இரண்டு மோட்டார், அவை கிளம்பிச் சுற்ற உதவும் கண்டென்சர், இரண்டு டைமர், ஒரு பெல்ட், ஒரு பிரேக் வயர், சில சீல்கள். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான். அதனால்தான் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன மெஷினைக்கூட நம்பிப் பார்க்கலாம்.

ஆனால் "ஓடுதா?" என்று மட்டும் கேட்டு முடிவெடுத்தால் இரண்டு விதமாகவும் ஏமாறுவீர்கள். கண்டென்சர் போய் நின்றுவிட்ட நல்ல மெஷினை வேண்டாம் என்று விட்டுவிடுவீர்கள். ட்ரையர் மோட்டார் இன்னும் இரண்டு மாதத்தில் எரியப்போகும் மெஷினை, இன்றைக்கு ஓடுகிறதே என்று வாங்கிவிடுவீர்கள். டைமர், கண்டென்சர், பெல்ட், லிட் ஸ்விட்ச் (மூடியோடு இயங்கும் ஸ்விட்ச்), டிரெயின் வால்வு எல்லாம் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. மோட்டார் காயில், கியர் பாக்ஸ், துருப்பிடித்த ட்ரையர் ஷாஃப்ட், வெடித்த அடிப்பாகம் ஆகியவை மெஷினின் விலையையே விழுங்கும். கீழே உள்ள ஒவ்வொரு சோதனையும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான்.

போகும் முன்: போனில் கேட்க வேண்டியது

"மெஷின் எங்க வெச்சிருந்தீங்க அண்ணே? கொல்லையிலயா, உள்ளயா? தண்ணி போர் தண்ணியா? வெள்ளம் உள்ள வந்துச்சா?" இந்த நாலு கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் நிலத்தடி நீர் உப்பு, காற்றும் உப்பு. அங்கே கொல்லைத் தாழ்வாரத்தில் நின்ற மெஷினில் திருகாணிகளும் மோட்டார் கூடும் சீக்கிரம் துருவேறும். காவிரி, கொள்ளிடக் கரையோரம் நல்ல தண்ணீரில் ஓடிய அதே வயது மெஷின் உள்ளே புதிதுபோல இருக்கலாம். வயதைவிட இருந்த இடம் முக்கியம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்த பகுதியிலிருந்து வரும் பழைய மெஷின் என்றால், தண்ணீரில் நின்றதா, கூரையில்லாமல் நனைந்ததா என்று கேட்டே ஆக வேண்டும்.

மாடல் பெயரைக் கேட்டு வாங்கி, உங்கள் ஊர் ஸ்பேர் கடையில் ட்ரையர் சீல், பிரேக் வயர், வாஷ் டைமர் மூன்றும் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கிடைக்காத மாடலைப் பார்க்கப் போவது வீண் அலைச்சல். கடைசியாக ஒன்று: நீங்கள் வரும்வரை மெஷினில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காய்ந்த மெஷினில்தான் கசிவு எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

எடுத்துப்போக வேண்டியவை: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், மல்டிமீட்டர், டார்ச், பழைய செய்தித்தாள், இரண்டு மூன்று கிலோ துண்டு அல்லது வேட்டி.

கரண்ட் இல்லாமலே செய்யும் சோதனை

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். முதலில் இரண்டு டைமரையும் முழுக்கத் திருகி விடுங்கள். வாஷ் டைமர் பொதுவாக 15 நிமிஷம், ட்ரையர் டைமர் 5 நிமிஷம். இவை கடிகாரம்போலச் சுருள் வில்லில் ஓடுபவை என்பதால் கரண்ட் தேவையில்லை. 'டிக் டிக்' சத்தம் விடாமல் வந்து, பூஜ்யத்தில் நின்றால் சரி. நடுவில் நின்றுவிட்டால் டைமர் மாற்ற வேண்டும். அதற்காக மெஷினை ஒதுக்காதீர்கள், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

டைமர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பின்பக்க மூடியைக் கழற்றுங்கள். பிளக் பிடுங்கியிருந்தாலும் கண்டென்சர் முனைகளில் கை வைக்காதீர்கள், சார்ஜ் நிற்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒரே உயரத்தில் சுற்றிலும் சேற்றுக்கோடு தெரிந்தால் மெஷின் வெள்ளத்தில் நின்றிருக்கிறது. வயர்களில் கருப்பு டேப் சுற்றிய இணைப்புகள் நிறைய இருந்தால் எலி வேலை செய்திருக்கிறது. தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டுக்குள் ஏறும். அடியில் வலைத்தட்டு இல்லாத மெஷின் அதற்கு நல்ல குடித்தனம். வயரை மாற்றிவிடலாம், ஆனால் டிரெயின் ஓஸ், பெல்ட், மோட்டார் காயிலின் நூல்கட்டு வரை கடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூக்கையும் பயன்படுத்துங்கள். எரிந்த வார்னிஷ் வாடை வந்தால் ஏதோ ஒரு மோட்டார் சூடேறியிருக்கிறது.

இப்போது ட்ரையர் மோட்டார். இந்தச் சோதனை முழுவதிலும் அதிக நேரம் இங்கே செலவிடுங்கள். ட்ரையர் கூடையின் தண்டு ஒரு ரப்பர் சீலுக்குள் நுழைந்து, கீழே கப்ளிங் (தண்டையும் மோட்டாரையும் இணைக்கும் துண்டு) வழியாக நேரே மோட்டாரில் உட்கார்ந்திருக்கும். சீல் தேய்ந்தால் பிழிந்த சோப்புத் தண்ணீர் தண்டோடு வழிந்து மோட்டாரின் தலையிலேயே விழும். மேல் பேரிங் துருப்பிடிக்கும், பிறகு சத்தம் வரும், பிறகு தண்டு இறுகி காயில் எரியும். ஆகவே மோட்டாரின் மேல்மூடியைப் பாருங்கள். தூசி மட்டும் படிந்திருந்தால் நல்லது. செம்மண் நிறத்தில் வழிந்த கோடோ, வெள்ளையாகச் சோப்பு, உப்புப் பொருக்கோ இருந்தால் சீல் எப்போதோ போயிருக்கிறது. பொருக்கைத் துடைத்துப் புது பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். கப்ளிங்கைக் கையால் சுற்றுங்கள். ட்ரையர் மூடி திறந்திருந்தால் பிரேக் பிடித்து நிற்க வேண்டும், மூடினால் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். சுற்றும்போது மணல் அரைப்பதுபோல உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. மூடிய பிறகும் சுற்றவில்லை என்றால் பதறாதீர்கள், பிரேக் வயர் தளர்ந்தோ அறுந்தோ இருக்கலாம். அது சின்ன வேலை.

துவைக்கும் பக்கம் சுலபம். டப்பின் அடியில் சுற்றும் தட்டான பல்சேட்டரை இரண்டு பக்கமும் திருப்புங்கள், மேலே தூக்கி அசைத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் இயல்பு. 'கடகட' என்று பல் இடறினால் கியர் தேய்ந்திருக்கிறது. பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும்.

மல்டிமீட்டர் வைத்து

வாஷ் மோட்டாரிலிருந்து மூன்று வயர் வரும். இணைப்பைக் கழற்றி, மோட்டாரைத் தனியாக்கி அளக்க வேண்டும். வயர் நிறத்தை நம்பாதீர்கள். எந்த மெக்கானிக் எதை மாற்றினாரோ தெரியாது. மூன்று ஜோடியாக ஓம் அளந்தால் இரண்டு ஜோடி ஏறக்குறைய ஒரே அளவு காட்டும், மூன்றாவது ஜோடி அந்த இரண்டின் கூட்டுத்தொகையைக் காட்டும். இரண்டு பக்கமும் சமமாகச் சுற்ற வேண்டிய மோட்டார் என்பதால் அதன் இரண்டு காயிலும் சமமாகச் சுற்றப்பட்டவை. ஒன்று மற்றதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகத் தொடங்கியிருக்கிறது. ட்ரையர் மோட்டார் ஒரே பக்கம் சுற்றுவது. அதில் இரண்டு காயிலும் சமமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் கூட்டுக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

அடுத்தது ஷாக் சோதனை. கழற்றிய இணைப்பை மாட்டிவிட்டு, இரண்டு டைமரையும் திருகி, ட்ரையர் மூடியை மூடி வைத்த நிலையில், பிளக்கின் பெரிய எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டு பின்னுக்கும் இடையே மெகா ஓம் அளவில் பாருங்கள். மீட்டரில் எந்த அளவும் காட்டக் கூடாது, முனைகள் எதையும் தொடாதபோது இருப்பதுபோலவே நிற்க வேண்டும். டைமரைத் திருகாமல் அளந்தால் மோட்டார் வரை இணைப்பே போகாது; கசிவு இருந்தாலும் தெரியாது. பிறகு எர்த் பின்னுக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையே அளந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். பழைய மெஷின்களில் எர்த் பின் இல்லாத இரண்டு முனைப் பிளக் மாட்டியிருப்பதை நிறையப் பார்க்கலாம். ஷாக் அடித்ததால் மாட்டியதா, சாக்கெட் இல்லாததால் மாட்டியதா என்று கேட்டுவிட்டு, அளவை மட்டும் நம்புங்கள். ஈரத் தரையில் நின்று தொடுகிற சாதனம் இது. இங்கே தவறிய மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

தண்ணீர் ஊற்றி ஓட்டுவது

அடியில் செய்தித்தாளைப் பரப்புங்கள். டப்பில் மேல் அளவுக்கோடு வரை தண்ணீர் நிரப்பி, பென்சிலால் குறித்து, கால் மணி நேரம் விடுங்கள். தண்ணீர் மட்டம் இறங்கி ஓஸ் வழியாகச் சொட்டினால் டிரெயின் வால்வில் பட்டனோ நூலோ சிக்கியிருக்கும். கழுவினாலே பெரும்பாலும் சரியாகும். பல்சேட்டருக்கு நேர் கீழே தாளில் ஈரம் பட்டால் கியர் பாக்ஸ் சீல் கசிகிறது. அது பெரிய வேலை.

துண்டுகளைப் போட்டு ஓடவிடுங்கள். ஒரு பக்கம் சில விநாடி, ஒரு நிறுத்தம், மறுபக்கம் சில விநாடி. இப்படி மாறி மாறி ஓட வேண்டும். ஒரே பக்கம் மட்டும் ஓடினால் டைமர் கான்டாக்ட் அல்லது ஒரு வயர். 'உம்ம்' என்று முனகிவிட்டு நின்றால் கண்டென்சரை முதலில் சந்தேகியுங்கள். ஆனால் விற்பவர் வீட்டு வோல்ட்டேஜையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மோட்டாரின் இழுவை வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் இழுவை 61 சதவீதம்தான் மிஞ்சும். வயல் பம்புசெட் எல்லாம் ஓடுகிற நேரத்தில் கிராமத்தில் சோதித்தால் நல்ல மெஷினும் திணறும்.

இனி ட்ரையர் சீல். மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ட்ரையர் கூடைக்குள் அரை வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் முழுக்க டிரெயின் வழியே போக வேண்டும். தண்டின் மேல் ஒரு துளி திரண்டு, கப்ளிங்கின் விளிம்பில் சற்றுத் தொங்கி, மோட்டாரின் மேல் விழுந்தால் முடிவு தெரிந்துவிட்டது. மோட்டாரில் துரு இன்னும் இல்லையென்றால் சீலையும் தண்டைத் தாங்கும் புஷ்ஷையும் மாற்றிக்கொள்ளலாம் என்று வாங்கலாம். துருவும் சேர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

சீலில் கசிவு இல்லையென்றால் கூடைக்குள் ஈரத்துண்டுகளைச் சமமாக அமுக்கி, உள்மூடி போட்டு 5 நிமிஷம் ஓட்டுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் குலுங்கி, வேகம் பிடித்ததும் அடங்க வேண்டும். அடங்காமல் பக்கத்துச் சுவரை இடித்தால் மோட்டாரைத் தாங்கும் மூன்று ஸ்பிரிங்கில் ஒன்று தளர்ந்திருக்கும். ஓட்டத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள். பத்து எண்ணுவதற்குள் கூடை நிற்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பிரேக்கைச் சரிசெய்யாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. கடைசியில் துண்டை எடுத்து முறுக்குங்கள். சொட்டினால் கூடை முழு வேகம் பிடிக்கவில்லை.

விலை பேசுவது

உங்கள் ஊர்க் கடையில் அதே கிலோ அளவு புது மெஷின் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்கும் விலை, ஸ்பேர், மெக்கானிக் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து 4,000-ஐத் தாண்டினால் புதிதுக்குக் கொஞ்சம் காசு சேர்ப்பதே மேல், வாரன்ட்டியாவது கிடைக்கும். ஏற்கெனவே காயில் கட்டிய மோட்டார் உள்ள மெஷினுக்கு இன்னும் குறைத்துக் கேளுங்கள். வெள்ளத்தில் நின்ற மெஷினைக் காயலாங்கடை விலைக்கு மேல் பேசவே வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது

குட்டியானையில் ஏற்றினால் நிமிர்த்தியே கட்டுங்கள். ட்ரையர் கூடையைச் சுற்றித் துணியை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தில் ஸ்பிரிங் கழன்றுவிடும். எங்கே வைப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். இவற்றில் பொதுவாக டிரெயின் பம்ப் கிடையாது, தண்ணீர் தானாகச் சரிந்துதான் போக வேண்டும். பழைய ஓட்டு வீடுகளின் உயரமான வாசற்படியைத் தாண்டி ஓஸை மேலே ஏற்றினால் அழுக்குத் தண்ணீர் டப்பிலேயே தேங்கும். முற்றத்துச் சாக்கடை ஓரமோ, ஸ்டாண்டு போட்டு உயர்த்திய கொல்லைத் திண்ணையோ சரியான இடம். தண்ணீரை வாளியால் ஊற்றினாலும் போதும் என்பதால் மேல்தொட்டி உயரம் குறைவாக இருப்பது ஒரு தடையல்ல.

எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் மட்டும் மாட்டுங்கள், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போட்டுக்கொள்ளுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும். வாரம் ஒரு வாளித் தண்ணீர் அதில் ஊற்றுங்கள். துவைக்கும் நடுவில் கரண்ட் போனால் டைமர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடி முடிந்துவிடும் என்பதால், கரண்ட் வந்ததும் திரும்பத் திருகிவிட வேண்டும். முதல் மாதம் முடிந்ததும் பின்மூடியை ஒருமுறை கழற்றி, ட்ரையர் மோட்டாரின் தலையில் புதிதாக வழிந்த கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.