புள்ளைங்க வீட்டுக்கு இங்கிலாந்து போறீங்களா? ஏவ்பரி கிராமத்தையும் ஒரு நாள் பாத்துட்டு வாங்க

மன்னார்குடி, கும்பகோணம், திருவாரூர் பக்கத்துல இருந்து பையன் வீட்டுக்கும் பொண்ணு வீட்டுக்கும் இங்கிலாந்து போறவங்க இப்ப நிறைய பேரு. விசிட்டர் விசால 6 மாசம் வரைக்கும் இருக்கலாம், ஆனா பாதி பேரு அரண்மனை வாசல்ல ஒரு போட்டோ, பாலத்துல ஒரு போட்டோ எடுத்துட்டு மிச்ச நாள் பூரா ஹீட்டர் போட்ட ரூமுக்குள்ளயே உக்காந்துட்டு வந்துடறாங்க. வயலையும் வாய்க்காலையும் பாத்து வளந்தவங்க அந்த நாட்டு கிராமத்த பாக்காம திரும்பறது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கு. அதனாலதான் இத எழுதறேன்.

ஒரே ஒரு ஊருன்னா நான் ஏவ்பரியதான் சொல்லுவேன். வில்ட்ஷயர்ங்கற மாவட்டத்துல இருக்கு, சின்ன கிராமம். ஆனா உலகத்துலயே பெரிய கல்வட்டம் இதுதான், அதாவது பழங்காலத்துல பெரிய பெரிய கல்ல வட்டமா நட்டு வச்ச எடம், அந்த வட்டத்துக்குள்ளயே ஊரோட ஒரு பகுதி இருக்கு, வீடு, பப்புங்கற மதுக்கடை, நடுவுல ரோடுன்னு எல்லாம். ஸ்டோன்ஹெஞ்ச்னு அதே மாவட்டத்துல இருக்கற இன்னொரு கல்வட்டத்தோட சேத்து 1986லயே யுனெஸ்கோ பட்டியல்ல போட்டாங்க, நம்ம பெரிய கோயிலுக்கு அதுக்கு அடுத்த வருஷம்.

போற வழி: லண்டன் பேடிங்டன் ஸ்டேஷன்ல ஏறினா ஸ்விண்டனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்க இறங்கி 49ம் நம்பர் பஸ். ஞாயித்துக்கிழமை பஸ் கம்மியாதான் ஓடும், திரும்பி வர்ற பஸ் டைம போறதுக்கு முன்னாடியே போன்ல பாத்து வச்சுக்கங்க. கார்னா இன்னும் வசதி, நம்ம ஊரு லைசென்ஸ் வச்சே அங்க போயி 12 மாசம் வரைக்கும் ஓட்டலாம், ரோடும் இடது பக்கம்தான். பார்க்கிங்குக்கு காசு உண்டு, கல்லு பாக்க டிக்கெட்டே கிடையாது.

மே மாசத்துல இருந்து செப்டம்பருக்குள்ள போங்க. ஜூன்ல ராத்திரி 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பர்ல சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிடும். அம்மாமாருங்க சேலையே கட்டிக்கலாம், ஆனா செருப்பு மட்டும் வேண்டாம், புல்லு ஈரமா இருக்கும், கரை மேல ஏறறப்ப வழுக்கும், சாக்ஸ் ஷூ போட்டுக்கங்க, வெயில் அடிச்சாலும் மழை கோட்டு ஒன்னு கையில இருக்கட்டும்.

போனதும் மொதல்ல கல்லுகிட்ட ஓடாதீங்க, கல்வட்டத்துக்கு வெளிய சுத்தி ஒரு கரை இருக்கும், அது மேல நடங்க. சுத்தி வந்தா 1 கிலோமீட்டருக்கு மேல வரும். உள்பக்கம் பள்ளம் தெரியும் பாருங்க, அது வெட்டினப்ப 30 அடி ஆழம், இப்ப மண்ணு விழுந்து பாதிக்கு மேல தூந்துபோச்சு. 4000 வருஷத்துக்கு முந்தி, இரும்பே இல்லாத காலத்துல, மான் கொம்ப வச்சு சுண்ணாம்புப் பாறைய கொத்தி கூடையில அள்ளி கரை போட்டிருக்காங்க. வாய்க்கா தூர் வார்ற வேலை தெரிஞ்ச மனுஷனுக்கு அங்க நின்னாலே அந்த உழைப்பு புரிஞ்சுடும், யாரும் விளக்க வேண்டியதில்ல.

அப்புறம் கல்லு. 40 டன்னுக்கு மேல எடை உள்ளதும் இருக்கு. ஸ்டோன்ஹெஞ்ச்ல காசு கட்டிட்டு கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கணும், இங்க கைய வச்சு தொடலாம், சாஞ்சு உக்காரலாம். முன்னாடி இன்னும் நிறைய இருந்துச்சு, 17ம், 18ம் நூற்றாண்டுல அந்த ஊருக்காரங்களே கல்லுக்கு கீழ நெருப்பு மூட்டி பச்சத்தண்ணி ஊத்தி பொளந்து வீடு கட்டிட்டாங்க. பழைய வீட்டு சுவத்த கவனிச்சு பாருங்க, அந்தக் கல்லுதான். 1930கள்ல அலெக்ஸாண்டர் கெய்லர்னு ஒருத்தரு, ஆரஞ்சு ஜாம் வியாபாரக் குடும்பம், சொந்தக் காசுல நிலத்த வாங்கி புதைஞ்சு கெடந்த கல்லுல நிறைய நிமித்தி வச்சாரு. கல்லு காணாம போன எடத்துல சின்ன கான்கிரீட் தூண் நட்டிருக்கும். 1938ல ஒரு கல்லுக்கு கீழ எலும்புக்கூடு கெடச்சுது, கூடவே கத்திரியும் 14ம் நூற்றாண்டு காசும்.

புனித ஜேம்ஸ் சர்ச்சுக்குள்ளயும் போங்க. அதுல பழைய சுவரு ராஜராஜன் காலத்தை ஒட்டினது. யாராவது பிரார்த்தனை பண்ணிட்டிருந்தா நம்ம கோயில்ல இருக்கற மாதிரியே சத்தம் போடாம நில்லுங்க.

சாப்பாடு விஷயம். வட்டத்துக்குள்ள ரெட் லயன்னு ஒரு பப்பு இருக்கு. பப்புன்னதும் சாராயக்கடைன்னு நெனச்சு வெளியவே நிக்காதீங்க, குடும்பத்தோட போயி டீ குடிக்கலாம், கவுன்டர்ல நாமளே போயி சொல்லணும். சுத்த சைவம்னா வெஜிடேரியன்னு மட்டும் கேக்காதீங்க, அதுல முட்டை இருக்கலாம், வீகன்னு கேளுங்க, அதுல முட்டை, பால் எதுவும் இருக்காது. எதுக்கும் புளிச்சோறு கட்டிட்டு போறது நல்லது, புல்லுல உக்காந்து சாப்பிடலாம், ஆட்டுப்புழுக்கை இல்லாத எடமா பாத்து. குப்பைய கையோட எடுத்துட்டு வந்துடுங்க.

கால்ல தெம்பு இருந்தா தெக்க நடங்க. சில்பரி மேடு தெரியும், மனுஷன் கையால கொட்டினது, 100 அடிக்கு மேல, ஏற விட மாட்டாங்க, ரோட்டுல இருந்தே பாக்கலாம். அதுக்கு எதிர்த்த மேட்டுல வெஸ்ட் கென்னட் கல்லறை, 5000 வருஷத்துக்கும் பழசு, உள்ள நொழையலாம், போன் டார்ச் போதும். அங்க போற பாதை தனியார் வயல் வழியாத்தான், ஆனா பொதுப்பாதைன்னு போர்டு இருக்கற வழியில யாரு வேணா நடக்கலாம், உரிமை உண்டு. நீங்க தெறந்த கேட்ட மூடிட்டு மட்டும் போங்க, ஆடு வெளிய போயிடும்.

கார் இருந்தா அன்னிக்கே லேக்காக் கிராமத்தையும் சேத்துக்கலாம். அங்க 1232ல தொடங்கின மடம் இருக்கு, பின்னாடி அது வீடாச்சு, அந்த வீட்டு ஜன்னலதான் போட்டோ கலைய உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஃபாக்ஸ் டால்பட் 1835ல படம் புடிச்சாரு, அந்த நெகட்டிவ் இன்னிக்கும் இருக்கு. பஸ்ல வந்தவங்க ரெண்டையும் ஒரே நாள்ல இழுத்து போட்டுக்காதீங்க, லேக்காக்குக்கு வேற நாள் வச்சுக்கங்க.