பி.எஸ்சி. நர்சிங்கில் அரியரோடு எதுவரை போகலாம்? முதலாண்டு மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய ஒழுங்குமுறை 2021-இல் அரசிதழில் வெளியானது. அதன்படி பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, 8 செமஸ்டர். அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டர் வகுப்பில் உட்கார விடுவார்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். வகுப்பில் உட்காருவது வேறு, தேர்வு எழுதுவது வேறு.

படி 1: வருகைக் கணக்கு

ஒரு நோட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி, பிராக்டிகல் என்று தனித்தனிப் பத்தி போடுங்கள். இரண்டிலும் 80% இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். நர்சிங் ஃபவுண்டேஷன்ஸ் I-ஐ எடுத்துக்கொள்வோம். தியரி 120 மணி நேரம். அதில் 96 மணி நேரம் கட்டாயம் இருக்க வேண்டும், விட முடிவது 24 மணி நேரம்தான். காய்ச்சலுக்கு ஒரு வாரம், வீட்டு விசேஷத்துக்கு நான்கு நாள் என்று போனால் இது சீக்கிரமே கரைந்துவிடும். எந்தக் காரணத்துக்காக வராவிட்டாலும் அது விடுப்புதான் என்கிறது விதி. மருத்துவச் சான்றிதழ் கொடுத்தாலும் இந்த 80% குறையாது.

படி 2: இன்டர்னல்

தியரியில் பல்கலைக்கழகத் தேர்வு 75, இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 25. அந்த 25-இல் இரண்டு செஷனல் தேர்வுகளுக்கு (செமஸ்டருக்கு நடுவே கல்லூரி நடத்தும் தேர்வுகள்) 15, தொடர் மதிப்பீட்டுக்கு 10. தொடர் மதிப்பீட்டை முதலில் 30-க்குப் போட்டு, பிறகு 10 ஆகச் சுருக்குவார்கள்: வருகை 2, எழுத்து அசைன்மென்ட் 10, செமினார் 12, குழு வேலை 6. செமினாரைத் தள்ளிப்போடாதீர்கள், அதற்குத்தான் எடை அதிகம். முதலுதவி போன்ற கட்டாய மாட்யூல்கள் (குறும்பயிற்சிகள்) ஒவ்வொன்றிலும் 50% வாங்கியாக வேண்டும்.

படி 3: தேர்ச்சி

பாடங்களுக்கு 50%. ஆங்கிலத்துக்கும் விருப்பப் பாடங்களுக்கும் 40% போதும். தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தியரியில் மட்டும் தோற்றாலும் பிராக்டிகலையும் சேர்த்தே திரும்ப எழுத வேண்டும். அதனால் பிராக்டிகல் நன்றாகச் செய்துவிட்டோம் என்று தியரியை அலட்சியம் செய்யாதீர்கள். கருணை மதிப்பெண் 5 வரை உண்டு. ஆனால் அந்த செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் மட்டும் போயிருந்து, தியரியில் அதைச் சேர்த்தால் தேறிவிடுவார் என்றால்தான் கிடைக்கும்.

படி 4: 5, 7 என்ற இரண்டு வாசல்கள்

முதல் செமஸ்டரில் அனாட்டமி-பிசியாலஜி போய்விட்டது என்று வையுங்கள். 2, 3, 4-ஆம் செமஸ்டர் வகுப்புகளுக்குப் போகலாம். 5-ஆம் செமஸ்டர் வகுப்பிலும் உட்காரலாம். ஆனால் முந்தைய தேர்வுகள் எல்லாம் முடியாமல் 5-ஆம் செமஸ்டர் தேர்வை எழுத முடியாது. 7-ஆம் செமஸ்டருக்கும் இதே விதி. ஒவ்வொரு ரிசல்ட் வந்தவுடனும், 5-ஆம் செமஸ்டர் தேர்வுக்கு முன் இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் மிச்சம் என்றால் புதுப் பாடத்தைவிட அரியருக்கே முதல் நேரம் கொடுங்கள். படிப்பு முழுவதையும் அதிகபட்சம் 8 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும்.

படி 5: வார்டு நாட்கள்

தேர்வுக்கு 80% போதும். பட்டம் வாங்க ஒவ்வொரு பிராக்டிகல் பகுதியிலும் 100% வேண்டும். விட்ட நாட்களை ஈடுகட்டாமல் கடைசி ஆண்டு வரை சேர்த்து வைத்தால் இன்டர்ன்ஷிப் முடிந்த பிறகும் வார்டில் நிற்க நேரும். விட்ட வாரத்திலேயே வகுப்பு ஆசிரியரிடம் ஈட்டு நாளைக் கேளுங்கள். அதை முடித்த அன்றே பதிவேட்டில் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.