நல்லமிளகு கொடி வாடுதா? இந்த தப்பெல்லாம் செஞ்சிராதீங்க

நம்ம குமரி மாவட்டத்துல, அதுவும் குலசேகரம், திருவட்டார் பக்கம், வீட்டு விளையில தென்னையிலயோ அயனி மரத்துலயோ ரெண்டு மூடு நல்லமிளகு ஏத்தி விடாதவங்க கொறவு. கொடி லேசா வாடுனதும் முக்காவாசி பேரு ஒரு பிடி யூரியாவ மூட்டுல, அதாவது கொடியோட அடியில, போட்டிருவாங்க, அதுதான் மொத தப்பு, என்ன நோய்னு பாக்காம எதையும் போடாதீங்க.

மழை நேரத்துல எலையில கருப்பா புள்ளி விழுந்து, அதோட ஓரம் நூல் பிரிஞ்ச மாதிரி பரவி, எலை மளமளன்னு கொட்டுதா, மூட்டுல தண்ட லேசா கீறிப் பாருங்க, உள்ள கருத்து அழுகியிருந்தா அது வேக வாடல், பைட்டோப்தோராங்கிற கிருமி, மூட்ட பிடிச்சிட்டா ஒரு மாசத்துக்குள்ளயே கொடி போயிரும். மழை ஓஞ்ச பெறவு மெதுவா மஞ்சளிச்சு, அடுத்த மழைக்கு தளுத்து, திரும்பவும் மஞ்சளிச்சு வருஷக்கணக்குல இழுத்துட்டு கெடந்தா வேருல நூற்புழு இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. இதுக்கு போடுறது அதுக்கு கேக்காது.

மழைக்காலத்துல மூட்ட கொத்தி விடாதீங்க, வேருல காயம் பட்டா கிருமிக்கு வாசல் தொறந்து விட்டதா ஆயிரும். தென்னைக்கு வெட்டுன தடத்துல தண்ணி கெட்டி நிக்கவும் விடக்கூடாது. தரையில படர்ற ஓடுகொடிய சுருட்டி மேல கெட்டிருங்க, மழைத்துளி மண்ணுல அடிச்சு தெறிக்கும்போதுதான் கீழ் எலைக்கு நோய் ஏறுது.

போர்டோ கலவைய, அதாவது துருசும் சுண்ணாம்பும் சேத்து செய்யிற பூஞ்சைக்கொல்லி மருந்த, நோய் வந்த பெறவு அடிச்சு பெருசா பலன் இல்ல. நமக்கு ரெண்டு மழையும் உண்டுல்லா, அதனால ஜூன் மழைக்கு முன்னாடி ஒருக்கா, ஆகஸ்ட் செப்டம்பர்ல ஒருக்கா அடிக்கணும். 10 லிட்டருக்கு 100 கிராம் துருசு (காப்பர் சல்பேட்), 100 கிராம் நீத்த சுண்ணாம்பு, தனித்தனி பிளாஸ்டிக் வாளியில கரைச்சு, துருசு தண்ணிய சுண்ணாம்புல ஊத்தணும், மாத்தி ஊத்திராதீங்க. இரும்புக் கத்திய முக்கி எடுத்தா செம்பு நெறம் ஒட்டக்கூடாது, ஒட்டுனா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அன்னைக்கே அடிச்சு தீத்திரணும்.

நோய்க் கிருமிய அடக்குற நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவும் நல்லதுதான், கொடிக்கு 50 கிராம் எருவுல கலந்து போடலாம், ஆனா போர்டோவ மூட்டுல ஊத்துன கையோட போட்டா செம்பு அதையும் கொன்னுரும், சில வாரம் இடைவெளி விடுங்க.

செத்த கொடிய வேரோட பிடுங்கி எரிச்சிருங்க, உரக்குழியில போடவே போடாதீங்க. அதே குழியில உடனே அடுத்த நாத்து வைக்கவும் வேண்டாம். நோய் வந்த விளையில இருந்து சொந்தக்காரங்க பாசத்துல கொடி வெட்டித் தந்தாலும் வாங்காம, நாத்தா வாங்கும்போது ஐஐஎஸ்ஆர் சக்திங்கிற மிளகு ரகம் கெடைக்குமான்னு கேளுங்க, வேக வாடல அது ஓரளவு தாங்கும்.