ஸ்னூக்கர் மேசைக்குத் தாயக்கட்டை: ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தைச் சேர்க்கும் முறை

ஈரோட்டில் செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தை முடிந்த இரவுகளில் நாங்கள் நால்வர் ஒரு மாடி அறையில் கூடி ஸ்னூக்கர் ஆடுவது வழக்கம். நால்வரில் முறையாகப் பயின்றவர் என் மைத்துனர் ஒருவர்தான். மற்ற மூவரும் கடைக் கணக்கை மூடிவைத்துவிட்டு வந்து, பந்தை அடிக்கும் கோலான கியூவைக் கையில் எடுப்பவர்கள். ஸ்னூக்கரில் ஒரு சிவப்புப் பந்தைக் குழியில் போட்ட பிறகு, விருப்பப்பட்ட நிறப் பந்து ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி சிவப்புக்குத் திரும்ப வேண்டும். அவர் சிவப்பைப் போட்டு, கறுப்பைப் போட்டு, மறுபடியும் சிவப்பைத் தேடி மேசையைச் சுற்றி வரும்போது நாங்கள் நாற்காலியில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்போம். முப்பது புள்ளி முன்கூட்டியே கொடுத்து ஆடிப் பார்த்தோம். வித்தியாசம் குறைந்ததே தவிர, ஆட்டம் நடக்கும் விதம் மாறவில்லை. யார் வெல்வார் என்பது முதல் பந்து உருளுமுன்பே தெரிந்துவிட்டால், தோற்பவருக்கு மட்டுமல்ல, வெல்பவருக்கும் சலிப்புத் தட்டிவிடும். அதன் பிறகுதான் ஆட்டத்துக்குள் கொஞ்சம் அதிர்ஷ்டத்தைக் கொண்டுவருவது எப்படி என்று யோசிக்கத் தொடங்கினோம்.

இதில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்று உண்டு. அதிர்ஷ்டம் அடிக்கு முன்னால் வர வேண்டும். அடிக்குப் பின்னால் வரக் கூடாது. குறி வைத்த பந்து தவறி, பக்கவாட்டில் மோதித் திரும்பி, நினைத்தே பாராத குழியில் விழுவதை ஃப்ளூக் என்கிறோம். ஸ்னூக்கரில் அதற்கும் புள்ளி உண்டு, ஆனால் அதனால் யாருக்கும் மனம் நிறைவதில்லை. வேலையெல்லாம் முடிந்த பிறகு வந்து கணக்கை மாற்றிவிட்டுப் போகும் அதிர்ஷ்டம் அது. அதே அதிர்ஷ்டம் அடிப்பதற்கு முன்பே வந்து, 'இன்று உனக்கு நீலம்தான்' என்று சொல்லிவிட்டால், அந்த நீலத்துக்கு ஏற்றபடி வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்துவது என்று யோசிக்க ஆட்டக்காரருக்கு இடம் இருக்கிறது. திறமை அப்போதும் தேவைப்படுகிறது. ஒரே பழக்கப்பட்ட பாதையில் செல்ல மட்டும் முடியாது.

பந்தாட்ட மேசைக்கு இது புதிதும் அல்ல. ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லெய்ன் என்ற இராணுவ அதிகாரியின் யோசனையில் பிறந்தது. பின்னர் 1880களில், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் உதகமண்டலத்தின் ஊட்டி கிளப்பில்தான் அதன் விதிகள் ஒழுங்கு பெற்றன. அந்த ஆட்டம் தன் நிறப் பந்துகளை எடுத்துக்கொண்டது 'லைஃப் பூல்' என்ற மூத்த ஆட்டத்திலிருந்து. அதில் ஒவ்வொருவருக்கும் குலுக்கலில் ஒரு நிறப் பந்து கிடைக்கும், ஆளுக்கு மூன்று உயிர் உண்டு, தன் பந்து குழியில் விழுந்தால் ஓர் உயிர் போகும். அதாவது இன்று நாம் மிகுந்த கட்டுப்பாட்டுடன் ஆடும் ஸ்னூக்கரின் மஞ்சளும் பச்சையும் ஒரு காலத்தில் குலுக்கலில் வந்தவையே.

எங்களுக்குக் கைகொடுத்தது வீட்டுப் பரணில் கிடந்த பித்தளைத் தாயக்கட்டை. எங்கள் பக்கத்தில் தாயக்கரம் என்றும் சொல்வார்கள். நான்கு பட்டைகள் கொண்ட நீளமான கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் விழக்கூடியவை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு ஆகியவையும், இரண்டு வெறுமைகளும் சேர்ந்து விழும் பன்னிரண்டும்தான். ஸ்னூக்கரில் மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7 புள்ளி. இரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. சிவப்புக்கு அடுத்து ஆட வேண்டிய நிறத்தை இனிக் கட்டையே சொல்லும்: இரண்டு விழுந்தால் மஞ்சள், மூன்றுக்குப் பச்சை, நான்குக்குப் பழுப்பு, ஐந்துக்கு நீலம், ஆறுக்கு இளஞ்சிவப்பு, பன்னிரண்டுக்குக் கறுப்பு. மிஞ்சி நிற்பது தாயம், அதாவது ஒன்று. தாயம் விழாமல் காய் இறங்காத வீட்டு ஆட்டத்தின் மரியாதையை அதற்கு இங்கும் கொடுத்தோம்: தாயம் விழுந்தால் விருப்பப்பட்ட நிறத்தை ஆடலாம்.

சாதாரணச் சதுரப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டினாலும் ஆறு நிறங்களும் வந்துவிடும். ஆனால் அதில் எல்லா நிறத்துக்கும் சம வாய்ப்பு. கறுப்பும் மஞ்சளைப் போலவே அடிக்கடி விழும். தாயக்கட்டையில் அப்படியில்லை. கட்டைகள் விழக்கூடிய பதினாறு விதங்களில், மூன்று என்ற எண் நான்கு விதமாகவும், இரண்டும் நான்கும் தலா மூன்று விதமாகவும், தாயமும் ஐந்தும் தலா இரண்டு விதமாகவும், ஆறும் பன்னிரண்டும் ஒரே ஒரு விதமாகவும் விழுகின்றன. எனவே மலிவான நிறங்கள் மிகுதியாகவும், விலையுயர்ந்த நிறங்கள் அரிதாகவும் வருகின்றன. தாயம் விழும்போதெல்லாம் கறுப்பையே ஆடுவதாகக் கொண்டாலும், ஒரு நிறப் பந்துக்குச் சராசரியாக 4.2 புள்ளிக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கறுப்பை எடுத்து ஏழு ஏழாகக் கட்டிக்கொண்டு போகும் தேர்ந்த ஆட்டக்காரருக்கு இது பெரிய இறக்கம். கைக்கு எட்டிய நிறத்தை அடித்துக்கொண்டிருந்த புதியவருக்கு அவ்வளவு இழப்பு இல்லை. முன்புள்ளி கொடுத்தும் சரிவராத இடைவெளி இதில் தானாகவே சுருங்குவதை நீங்களே காண்பீர்கள்.

உருட்டும் நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். சிவப்பை அடிப்பதற்கு முன்பே கட்டையை உருட்டிவிட வேண்டும். முதல் வாரம் நாங்கள் சிவப்பு விழுந்த பிறகு உருட்டினோம், அது பிழை. வெள்ளைப் பந்து கறுப்பின் அருகே வந்து நின்றிருக்கும், கட்டையில் இரண்டு விழும், மஞ்சளோ மேசையின் மறுகோடியில் இருக்கும். முழு அளவு மேசையில் கறுப்பின் இடத்துக்கும் மஞ்சள் நிற்கும் கோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தூரம். அங்கே ஆடுவதற்கு எதுவும் இல்லை, நொந்துகொள்வதற்கு மட்டுமே இருந்தது. முறையை மாற்றிய முதல் இரவில் என் மைத்துனருக்கு ஐந்து விழுந்தது. வழக்கமாக அவர் வெள்ளையைக் கறுப்பு நிற்கும் மேல்பக்கம் அனுப்புவார். அன்று குனிந்தவர் மறுபடி நிமிர்ந்து, நடுவில் நிற்கும் நீலத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, கியூவின் நுனியை வெள்ளையின் அடிப்பாகத்துக்கு இறக்கி, மெதுவாக இழுத்து அடித்தார். சிவப்பு மூலைக் குழியில் விழ, வெள்ளை நான்கு விரற்கடை பின்வாங்கி, நடுக்குழிக்கு நேராக நீலம் தெரியும்படி நின்றது. அத்தனை ஆண்டுகள் அவருடன் ஆடியும் அவர் அப்படி ஓர் அடி அடித்து நான் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

விழுந்த நிறம் வேறு பந்துகளுக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் அதைத்தான் ஆட வேண்டும். தொடாமல் விட்டால் வழக்கமான ஃபவுல் விதிப்படி குறைந்தது நான்கு புள்ளியும், பந்தின் மதிப்பு அதற்கு மேற்பட்டால் அந்த மதிப்பும் எதிராளிக்குப் போகும். புதிதாகப் பழகுபவருக்கு ஒரு ஃபிரேமில், அதாவது ஒரு முழு ஆட்டத்தில், ஒரு முறை மறு உருட்டல் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் கட்டைக்கு மதிப்பு இருக்காது. வீட்டு ஆட்டத்தில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் கிடைக்கும் கூடுதல் உருட்டல் இங்கே வேண்டாம். அது ஆட்டத்தை நீட்டுமே தவிர வேறொன்றும் செய்யாது. சிவப்புப் பந்துகள் பதினைந்தும் தீர்ந்து, கடைசிச் சிவப்புக்கான நிறமும் ஆடி முடிந்ததும் கட்டையை எடுத்து வைத்துவிட வேண்டும். மஞ்சளில் தொடங்கிக் கறுப்பில் முடியும் கடைசி ஆறு நிறங்களின் 27 புள்ளிகள் முழுக்க முழுக்கக் கைத்திறனுக்கே உரியவை.

மேசைத் துணியின் மேல் கட்டையை உருட்டவே கூடாது. ஒருநாள் ஆர்வத்தில் நான் உருட்டப் போனபோது, அங்கே மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் ஓடிவந்து, "ஏனுங்கண்ணா, துணி மேல உருட்டாதீங்க, முனை பட்டுக் கிழிஞ்சா வெள்ளை நேராவே ஓடாதுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பித்தளை முனை கம்பளித் துணியில் பட்டால் சிறு தடம்கூடப் பந்தின் போக்கைத் திருப்பிவிடும். பழைய துண்டு ஒன்றை விரித்த தாம்பாளத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்து, அதில் உருட்டுங்கள். கட்டை நேர்மையாக விழுகிறதா என்பதை ஆடத் தொடங்கும் முன்பே 80 முறை உருட்டிக் குறித்துப் பார்ப்பது நல்லது. மூன்று ஏறத்தாழ இருபது முறையும், பன்னிரண்டு ஐந்து முறை அளவிலும் வர வேண்டும். ஒன்றிரண்டு கூடக்குறைய இருப்பது இயல்பு. பன்னிரண்டு பதினைந்து முறை விழுந்தால் பட்டை தேய்ந்த கட்டை என்று பொருள், மாற்றிவிடுங்கள்.

இந்த ஆட்டங்களில் எதையும் பணம் வைத்து ஆடாதீர்கள் என்று கண்டிப்பாகவே கேட்டுக்கொள்கிறேன். அதிர்ஷ்டத்தைச் சேர்க்கச் சேர்க்க, 1930ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தின் முன் இது திறமை ஆட்டம் என்று வாதிடுவது கடினமாகும். இடம் கொடுக்கும் பார்லர்காரருக்கும் அது தொல்லை.

ஸ்னூக்கர் மேசை கிடைக்காமல், எண் போட்ட பதினைந்து பந்துகள் உள்ள பூல் மேசையே இருந்தால் 'கெல்லி பூல்' ஆடலாம். இதில் ஒவ்வொருவரும் ஒரு குப்பியிலிருந்து எண் எழுதிய சிறு காயை எடுத்து, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்வார்கள். அந்த எண்ணுள்ள பந்துதான் அவருடைய இரகசியப் பந்து. மேசையில் இருப்பவற்றுள் மிகச் சிறிய எண்ணுள்ள பந்தையே வெள்ளை முதலில் தொட வேண்டும். குழியில் விழுவது எதுவாகவும் இருக்கலாம். தன் பந்தைத் தானே போட்டவர் வென்றவர். தன் பந்தைப் பிறர் போட்டுவிட்டால் காயைக் காட்டிவிட்டு ஒதுங்க வேண்டும். இங்கே அதிர்ஷ்டம் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது, பிறகு நடப்பது முழுவதும் மறைப்பும் கணிப்பும்தான். தன் பந்தின் பக்கமே பார்க்காமல் இருப்பவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் தன் எண்ணின் அருகே வெள்ளை நின்றாலே கியூவுக்குச் சாக் தடவத் தொடங்கிவிடுவார்.

காய்களுக்குப் புளியங்கொட்டை அருமையாகப் பொருந்தும். ஒரே அளவுள்ள பதினைந்து கொட்டைகளைப் பொறுக்கி, ஒரு பக்கத்தைக் கரடான கல்லில் வெள்ளை தெரியும்வரை உரைத்து, அழியாத மையால் எண்களை எழுத வேண்டும். ஆறையும் ஒன்பதையும் அடிக்கோடிட்டுப் பிரித்துக் காட்ட மறக்காதீர்கள். வாய் குறுகிய சொம்பில் போட்டுக் குலுக்கி, விரலை உள்ளே விடாமல் கவிழ்த்து ஒவ்வொன்றாக உதிர்க்க வேண்டும். விரலை விட்டு எடுத்தால், சில இரவுகளிலேயே எந்தக் கொட்டை எப்படிப் புடைத்திருக்கிறது என்று கைக்குப் பழகிப்போகிறது. ஓரம் உடைந்த கொட்டை ஒன்று எங்கள் சொம்பில் இருந்து, அது பதினொன்று என்பது நால்வருக்குமே தெரிந்திருந்ததைப் பல வாரங்கள் கழித்துத்தான் ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டோம். இப்போது மாதத்துக்கு ஒரு முறை பதினைந்தையும் புதிதாகப் பொறுக்கி உரைக்கிறோம்.