பிள்ளைக்கு வீட்டிலேயே மது கொடுக்கும் பெற்றோர் மீது புகார் அளிப்பது எப்படி?

பதினாறு வயதுப் பையனுக்குத் தகப்பனே பீர் ஊற்றிக் கொடுக்கிறார் என்று தெரிந்தாலும், ‘நமக்கெதற்கு அவர்கள் குடும்ப விவகாரம்’ என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்கிக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம், 2015 இதைத் தண்டனைக்குரிய குற்றமாகவே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான வயது 21 என்றாலும், இந்தச் சட்டம் 18 வயது நிறையாதவர்களையே குழந்தை என்று கொள்கிறது. ஆகவே முதலில் உறுதி செய்ய வேண்டியது பிள்ளையின் வயது. பள்ளிச் சான்றிதழோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ இருந்தால் அதுவே முதன்மை ஆதாரம்; அது இல்லாதபோது உள்ளாட்சி அமைப்பு வழங்கிய பிறப்புச் சான்றிதழ் ஏற்கப்படும்.

புகாரின் அச்சாணி 77ஆம் பிரிவு. தகுதி பெற்ற மருத்துவரின் உத்தரவின்றிக் குழந்தைக்கு மது கொடுப்பவருக்கும், கொடுக்கச் செய்பவருக்கும் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அப்பிரிவு இடமளிக்கிறது. அளவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. சளிக்கு நல்லது என்று பாட்டி ஒரு மூடி பிராந்தியை வெந்நீரில் கலந்து புகட்டுவதும் எழுத்தளவில் இதற்குள் அடங்கிவிடும். அதற்காக யாரும் காவல் நிலையப் படியேற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; எடுத்துச் சொன்னால் நிற்கக்கூடிய பழக்கம் அது. சொல்லியும் கேளாமல், மது அருந்தும்போதெல்லாம் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து ஊற்றிக் கொடுப்பவர்களுக்கே இந்த வழி.

பெற்றோர் குடிக்கிறார்கள் என்பதோ, வீட்டில் பாட்டில் இருந்தது என்பதோ மட்டும் 77ஆம் பிரிவுக்குப் போதாது. கொடுத்தார்கள் அல்லது கொடுக்கச் செய்தார்கள் என்று காட்ட வேண்டும். பிள்ளை குடிப்பதை அறிந்தும் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு, அதனால் அவன் உடலோ மனமோ பாதிக்கப்படும் நிலை இருந்தால், 75ஆம் பிரிவைச் சுட்டலாம். அதில் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பிள்ளையைக் கொண்டு மது வாங்கிவரச் செய்கிறார்கள் என்றால் 78ஆம் பிரிவையும் குறிப்பிடுங்கள்.

மனுவில் ‘எப்போதும் குடிக்க வைக்கிறார்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது நிற்காது. எந்தத் தேதியில், எந்த நேரத்தில், யார் ஊற்றினார், உடன் யார் இருந்தார்கள், நீங்கள் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். பிள்ளையைத் துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். அவன் போதையில் தள்ளாடுவதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பவும் வேண்டாம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 74ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். புகார் கொடுக்கப் போனவரே குற்றம் சாட்டப்பட்டவராகி நிற்க நேரும். பிள்ளை மயங்கிக் கிடந்தால் மனுவைத் தள்ளிவைத்துவிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இரத்தத்தில் மதுவின் அளவு மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும் என்பதால், அங்கே போடப்படும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு பின்னாளில் பெரும் சாட்சியாக அமையும்.

முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்; இரவிலும் எடுப்பார்கள், கட்டணமில்லை. அவர்கள் வழியாகவோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகவோ விவரம் குழந்தைகள் நலக் குழுவை எட்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உடைய அக்குழுவின் முன் பொதுநல நோக்குள்ள எவரும் குழந்தையை முன்னிறுத்தலாம். குழந்தை தானாகவே வந்தும் நிற்கலாம். அங்கே அவன் குற்றவாளி அல்லன், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. ஆலோசனைக்கு ஏற்பாடு செய்து பெற்றோரிடமே திருப்பி அனுப்புவதா, வேறிடத்தில் தங்கவைப்பதா என்பதைக் குழுவே தீர்மானிக்கும். காவல் நிலையத்துக்கு முன்பாகக் குழுவை நாடுவதே என் பரிந்துரை. பிள்ளைக்கு உடனடியாக வேண்டிய உதவி அங்கேதான் கிடைக்கும்.

காவல் நிலையத்தில் ‘இது நான்-காக்னிசபிள், எஃப்.ஐ.ஆர். போட முடியாது’ என்று சொல்லக்கூடும். அது தட்டிக்கழிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2021ஆம் ஆண்டுத் திருத்தம், மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய இச்சட்டக் குற்றங்களைப் போலீசார் நீதித்துறை நடுவரின் உத்தரவின்றி விசாரிக்க இயலாதவையாக மாற்றிவிட்டது. குழந்தைகளுக்கெதிரான இத்தனை கடுமையான குற்றத்துக்கு இப்படியொரு தடை போட்டது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. எனினும் வழி அடைபடவில்லை. நிலையத்தில் குழந்தைகள் நலக் காவல் அலுவலரைக் கேட்டு, மனுவைக் கொடுத்து, மனு பெறப்பட்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைத் தவறாமல் பெற்றுக்கொண்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆம் பிரிவின்கீழ் விசாரணைக்கு உத்தரவிடுமாறு நடுவரிடம் விண்ணப்பியுங்கள். அதே நிகழ்வில் போலீசார் நேரடியாக விசாரிக்கக்கூடிய வேறொரு குற்றமும் கலந்திருந்தால், முழு வழக்கையும் அவ்வாறே விசாரிக்கலாம் என்று அதே பிரிவு கூறுகிறது.

குடித்த பிள்ளை வண்டியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவும் சேரும். பெற்றோரின் இசைவோடுதான் வண்டி ஓட்டப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது பெற்றோரின் பொறுப்பு. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இருவர் இறந்தபோது, சிறுவனின் தந்தை மீது 75, 77 ஆகிய பிரிவுகளும் பாய்ந்தன.

காலக்கெடுவையும் கவனியுங்கள். 75ஆம் பிரிவுக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க மூன்றாண்டு வரம்பு உண்டு. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய 77ஆம் பிரிவுக்கு அவ்வரம்பு இல்லை.