ஷாஃப்ட் மேல் லேசர் அடிக்கும் முன்

போன வாரம் கஞ்சிக்கோட்டில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒரு ஃபேன் ஷாஃப்டின் அதிர்வை லேசர் வைப்ரோமீட்டரில் (தொடாமலே லேசர் ஒளியால் அதிர்வை அளக்கும் கருவி) அளந்தான். "அண்ணா, 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ் வரிசையா நிக்குது. அலைன்மென்ட் போயிருச்சு" என்றான். 1எக்ஸ் என்றால் ஷாஃப்ட் சுழலும் அதே வேகத்தில் வரும் அதிர்வு; 2எக்ஸ், 3எக்ஸ் அதன் இரண்டு, மூன்று மடங்கு. இணைந்த ஷாஃப்டுகள் நேர்கோட்டில் இல்லை என்பதைத்தான் அலைன்மென்ட் போயிருச்சு என்கிறோம். பல வருஷத்துக்கு முன் நானும் இப்படித்தான் ஏமாந்தேன். லென்ஸ் துடைப்பது, ஃபோகஸ் பார்ப்பதெல்லாம் இரண்டே நாளில் கைக்கு வந்துவிடும். அதைவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

## ஷாஃப்டின் சொரசொரப்பை அதிர்வு என்று நம்புவது

சொரசொரப்பான பரப்பில் லேசர் பட்டால் ஒளி புள்ளிபுள்ளியாகச் சிதறும். அதுதான் ஸ்பெக்கிள். ஷாஃப்ட் சுழலும்போது அந்தப் புள்ளிக் கோலம் கருவியின் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் அதே கோலம் திரும்ப வருகிறது. கருவி அதையும் அதிர்வு என்றே எழுதிவிடும். 1480 ஆர்.பி.எம். என்றால் 24.7 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அதிர்வு வரைபடத்தில் முனைகள் எழும். அலைன்மென்ட் கோளாறு தெரிவதும் அதே இடங்களில்தான். ஆவரேஜ் எடுக்கும் ரீடிங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி வருவது எப்படிக் கரையும்?

நான் ஏமாந்த அன்று, வாளையாறு பக்கம் ஒரு மில்லில் இதைப் பார்த்துவிட்டு பேரிங்கை மாற்றச் சொன்னேன். ஒன்றரை நாள் ஷட்டவுன். மாற்றி ஓட்டினால் அதே முனைகள். கழற்றிய பேரிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. ஃபிட்டர் அண்ணன் அதை விரலில் மாட்டிச் சுழற்றிக் காட்டினார், சத்தமே வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

லேசர் புள்ளியை ஷாஃப்டின் நீளவாக்கில் இரண்டு மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். நிஜ அதிர்வு ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஸ்பெக்கிள் முனைகள் உயரம் மாறும். அப்புறம் பிளம்மர் பிளாக்கில் (பேரிங் உட்காரும் இரும்புக் கூடு) ஒரு ஆக்ஸிலரோமீட்டரை (ஒட்டி வைத்து அதிர்வை அளக்கும் சென்சார்) வைத்து ஒப்பிடுங்கள். தம்பியோடு இதைச் செய்தபோது 3எக்ஸ் பாதிக்கும் கீழே இறங்கியது. பிளாக்கில் 2எக்ஸும் இல்லை, 3எக்ஸும் இல்லை.

இன்னொன்று. சொரசொரப்பான ஷாஃப்டை ஆரத் திசையில் அளந்தால் குறுக்குத் திசை அசைவும் சுழல் வேகத்தோடு பெருகி ரீடிங்கில் கலந்துவிடும். 1எக்ஸில் இரண்டு லேசர் வைத்தாலும் அதைப் பிரிக்க முடியாது. அதனால் 1எக்ஸ் பற்றி முடிவெடுக்க நான் சுழலாத ஹவுசிங்கை, அதாவது பேரிங்கின் வெளிக்கூட்டைத்தான் நம்புவேன்.

## ட்ரைபாடை மறப்பது

லேசர் காட்டுவது இயந்திரத்துக்கும் தனக்கும் இடையிலுள்ள அசைவை. லேசர் நிற்கும் முக்காலியான ட்ரைபாட் ஆடினால் அதுவும் ரீடிங்கில் வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் ஷெட்டுக்குள்ளேயே புகுந்து அடிக்கும். இயந்திரம் நிற்கும் அதே இரும்புத் தட்டின் மேல் ட்ரைபாடை வைப்பது அதைவிட மோசம். லேசர் தலையிலும் ஒரு ஆக்ஸிலரோமீட்டரை ஒட்டிவிடுங்கள், அது எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும்.

## சாய்த்து அடிப்பது

அதிர்வின் திசையிலிருந்து லேசர் 60 டிகிரி சாய்ந்தால் பாதி அதிர்வுதான் தெரியும்.

## ஷாஃப்டைச் சுற்றி ரிஃப்ளெக்டிவ் டேப் ஒட்டுவது

ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் இந்த டேப்பை ஷாஃப்டில் சுற்றினால், ஒட்டின விளிம்பு சுற்றுக்கு ஒரு உதை கொடுக்கும். ஹவுசிங்கில் ஒட்டுங்கள்.