பழைய மண்டபங்களில் கூரைச் சூடு: புனரமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் பழைய தேவாலயங்களையும் பொது மண்டபங்களையும் சூடாக்குவதற்கு அகச்சிவப்புக் கதிர்த் தகடுகளைத் தொங்கவிடுவது உண்டு. உயரமான கட்டடத்தின் காற்று முழுவதையும் சூடாக்கி வீணாக்காமல், வாங்கில் அமர்ந்திருப்பவரின் உடலுக்கு நேரே வெப்பத்தைச் செலுத்துவதே அதன் நோக்கம். இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அதே வேலையை எவரும் கேளாமலே பகல் முழுவதும் செய்துகொண்டிருப்பவை தகரக் கூரையும் அஸ்பெஸ்டஸ் கூரையுமாகும். இங்கே நடைபெறும் புனரமைப்புகளில் நேரும் தவறுகளிற் பெரும்பாலானவை, சூடு காற்றில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கூரையை மறந்துவிடுவதால் வருபவை.

கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களின் நண்பகல் வெயிலில் ஒரு தகரக் கூரை 60 பாகை செல்சியசை எளிதில் எட்டிவிடும். துருவேறிய அல்லது நிறம் பூசிய தகரம் அந்த வெப்பநிலையில், கீழே 35 பாகையில் உள்ள தரைக்கும் மேசைக்கும் மனித உடலுக்கும் ஒவ்வொரு சதுர மீற்றரிலிருந்தும் ஏறத்தாழ 170 வாற்று வெப்பத்தைக் கதிராக இறக்குகிறது. அதாவது ஆறு சதுர மீற்றர்த் தகரம் ஒரு 1000 வாற்று வெப்பமூட்டிக்குச் சமம். 10 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு வகுப்பறையின் பிள்ளைகள் தலைக்கு மேலே அப்படிப்பட்ட பத்து வெப்பமூட்டிகளை எரியவிட்டுப் படிக்கின்றனர்.

இதற்கு மின்விசிறிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவது முதலாவது தவறு. விசிறி வியர்வையை உலர்த்தும், கதிரைத் தடுக்காது. அதைவிடச் செலவு மிகுந்த தவறு, உட்கூரையோ கதவடைப்போ இல்லாத பழைய மண்டபத்தில் குளிரூட்டியைப் பொருத்துவது. வாவியும் கடலும் சூழ்ந்த இந்தக் கரையோரத்தில் காற்றிலுள்ள ஈரம் 24, 25 பாகையிலேயே நீராகப் படியத் தொடங்கிவிடும். ஆகவே 22 பாகைக்குக் குளிரவைத்த அறைக்குள் ஓட்டிடுக்கு வழியாக வெளிக்காற்று புகுந்தால், அது குளிர்ந்த சுவரிலும் படச் சட்டத்தின் பின்புறத்திலும் அலுமாரியின் அடியிலும் வியர்க்கிறது. நூலகங்களிலும் ஆவண அறைகளிலும் வேலை நேரத்தில் மட்டும் குளிரூட்டியை இயக்கிவிட்டு மாலையில் நிறுத்துவது இன்னும் கேடானது. குளிர்ந்துபோன புத்தகங்களின் மீது இரவில் ஈரக்காற்று படிந்து பூஞ்சணம் பிடிக்கிறது. தொடர்ச்சியாக இயக்க வசதியில்லையெனில் அந்த அறைக்கு நல்ல காற்றோட்டமே மேல் என்பது என் துணிபு.

கூரைக்குக் கீழே அலுமினியப் படலம் விரிப்பது சரியான வழி. ஆனால் அதைப் பிழையாக விரிப்பவர்களே அதிகம். மினுங்கும் அலுமினியப் பரப்பு தன்மேல் படும் அகச்சிவப்புக் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவைத் திருப்பியனுப்பும். தானும் மிகச் சொற்பமாகவே கதிர்விடும். அந்தப் பரப்புக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்கும்வரைதான் இந்தப் பயன். தகரத்துக்கும் உட்கூரைப் பலகைக்கும் நடுவே இடைவெளியின்றி அதை நெருக்கினால் வெறும் உலோகமாகி, சூட்டைக் கடத்திவிடும். ஒரு பக்கம் வெள்ளியும் மறு பக்கம் வெள்ளையுமாக வரும் படலத்தில், பார்வைக்கு அழகென்று வெள்ளைப் பக்கத்தைக் கீழே காட்டிப் பொருத்துவதைப் பல மண்டபங்களில் காணலாம். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் அந்தப் பிளாஸ்ரிக், அகச்சிவப்புக் கதிரைப் பொறுத்தவரை கருமைக்கு ஒப்பானது. வாங்கிய சூட்டை அப்படியே கீழே விடும். மினுங்கும் பக்கம் கீழ்நோக்கி இருந்தால் தூசியும் படியாது. மேல்நோக்கி வைத்தால் ஒரு சில வருடங்களிலேயே புழுதி மூடி அது பயனற்றுப் போகும்.

படலம் மின்சாரத்தையும் கடத்தும் என்பதை எவரும் மறக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடந்த அரச வீட்டு வெப்பக் காப்பிடல் திட்டத்தில் நான்கு இளந்தொழிலாளர்கள் இறந்தனர். அவர்களுள் மூவர் மின்சாரம் தாக்கி மாண்டவர்கள். படலத்தைப் பொருத்த அடித்த உலோக முளைகள் வயரைத் துளைத்த பின்னர் படலம் முழுவதும் மின்னேறியிருந்ததே சிலரின் சாவுக்குக் காரணம். பழைய கட்டடங்களின் முகட்டில் ஓடும் வயர்களோ உறை பொரிந்து கிடப்பவை. பிரதான ஆளியை நிறுத்தி, வயர்களைச் சோதித்த பிறகே முகட்டில் ஏற வேண்டும்.

வெளிப்புறத்தில் வெள்ளை பூசுவதும் நல்லதே. வெள்ளை வெயிலைத் திருப்பும், இரவில் சூட்டை வானுக்கு விடும். ஆயினும் சுண்ணாம்பை ஓட்டுக்குப் பூசலாமேயன்றி துத்தநாகம் பூசிய தகரத்துக்கோ அலுமினியத்துக்கோ பூசக் கூடாது, அதன் காரம் உலோகத்தை அரிக்கும். அஸ்பெஸ்டஸ் தகட்டைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் உயரழுத்த நீரால் கழுவுவதும் நுரையீரலுக்குக் கேடான நாரைக் காற்றில் கலக்கும். வௌவாலுக்குப் பயந்து, சூடு வெளியேறும் முகட்டுத் துவாரங்களைப் பலகையால் அடைப்பவர்கள் வலை அடித்தால் போதும்.

சுவரின் கதை வேறு. குளிர்நாட்டிலிருந்து திருப்பணிக்குப் பணம் அனுப்பும் உறவுகள், அங்கே ஈரச் சுவரை உலர்த்தப் பயன்படும் அகச்சிவப்புத் தகட்டையும் சேர்த்துப் பரிந்துரைப்பதுண்டு, நல்ல மனத்தோடுதான். கும்பாபிஷேகத்துக்கு முந்திய கிழமை ஹலஜன் விளக்குகளைச் சுவரருகே நிறுத்திப் பூச்சைக் காயவைப்பதும் இதன் உள்ளூர் வடிவமே. இப்பகுதியில் நிலத்தடி நீரில் உப்பு உண்டு. மேற்பரப்பை வேகமாகச் சூடாக்கும்போது உள்ளிருக்கும் உப்புநீர் வெளிநோக்கி இழுபட்டு, பூச்சுக்குப் பின்னாலேயே உப்பு படிகமாகி, சாந்தைத் தகடுதகடாகத் தள்ளிவிடுகிறது. சில நாட்கள் உலர்ந்ததுபோல் தெரியும் சுவர் அடுத்த மாரியில் மறுபடியும் ஓதமேறும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சீமெந்துப் பூச்சும் பிளாஸ்ரிக் வர்ணமும் பூசுவது அந்த ஓதத்தை உள்ளே பூட்டிவைப்பதாகும். கூரைப் பீலியைச் செப்பனிட்டு, அத்திவாரத்தைச் சுற்றித் தேங்கும் நீரை வடியவிட்டு, சுண்ணாம்புப் பூச்சோடு ஒரு கச்சான் காலம் முழுவதும் சுவரைச் சும்மா விடுவதே முறை. சபையினருக்கு அந்தப் பொறுமை வருவது அரிது.

கோயில்களில் பேணப்படும் பனையோலை ஏடுகளுக்கும் கதிர்ச்சூடு பகை. கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் நடக்கும் குளிர்த்திச் சடங்குக் காலத்தில் வெளிச்சத்துக்காக ஏட்டுக்கு மிக அருகில் சூடான குமிழ் விளக்கை வைத்துப் படித்தால், ஓலை ஈரமிழந்து நுனி சுருண்டு வெடிக்கும். குறைந்த சூடுள்ள எல்ஈடி விளக்கு அந்த வேலைக்கு ஏற்றது.

துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியால் கூரையை அளப்பவர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். மினுங்கும் தகரத்தை நேரே அளந்தால் கருவி தகரத்தின் சூட்டைக் குறைத்துக் காட்டும். அதன்மேல் கறுப்பு மின்நாடா ஒரு துண்டு ஒட்டி, அதை அளக்க வேண்டும். அடுத்தது தூரம்: தூரத்துக்கும் அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம் 12க்கு 1 என்று குறித்த கருவி 6 மீற்றர் உயரக் கூரையில் 50 சென்ரிமீற்றர் அகலமான வட்டத்தின் சராசரியையே தரும், நாடாத் துண்டை அளக்க ஏணி வைத்து அருகே போவதைத் தவிர வழியில்லை. வெப்பப் படக்கருவியால் ஓதம் தேடுபவர்கள் மார்கழி மழையில் தேடக் கூடாது. ஈரம் ஆவியாகும்போதுதான் அந்த இடம் குளிர்ந்து படத்தில் வேறுபடும். காற்றே நீரால் நிறைந்திருக்கும் நாளில் நனைந்த சுவரும் உலர்ந்த சுவரும் ஒரே நிறமாகத்தான் தெரியும்.

இவற்றுக்கெல்லாம் முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட கட்டடமா? போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டையைப் போன்று பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக ஒரு கட்டடம் இருந்தால், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதியின்றி அதில் மாற்றம் செய்ய முடியாது. அனுமதி கிடைத்த பின்பும் படலத்தைப் பழைய மரத் தீராந்தியில் ஆணியடித்து இறுக்க வேண்டாம். தனிச் சட்டமொன்றில் பூட்டித் தொங்கவிட்டால், பழுதானபோது மரத்தைக் காயப்படுத்தாமல் கழற்றிவிடலாம்.